திருத்தம் பதினான்கு

அத்தியாயம் 9

அந்த வீட்டின் பின்னறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். உள்ளே பிளான் சார் வேலையில் இருக்கிறார். மிக்ஸி ஓடக் கூடாது, டிவி கூடாது, கதவைத் தட்டவே கூடாது. பேசியே தீர வேண்டுமென்றால் மாடிப்படியில் உட்கார்ந்து குசுகுசுக்கலாம்.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். பதினெட்டு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவர், மூன்று மாதத்துக்கு முன் வெளியே வந்துவிட்டார். "அங்க மனுஷன வேலை செய்யவே விட மாட்டேங்கறாங்க. ஒருத்தன் போனா இன்னொருத்தன் வந்து பேசறான். வீட்ல உக்காந்தா அஞ்சு நாள் வேலைய ரெண்டு நாள்ல முடிச்சுக் காட்டறேன்" என்றார். வீடு நம்பியது. அன்றைக்குத்தான் சிவப்புத் துண்டும் கதவில் ஏறியது.

முதல் வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் மனைவியின் தம்பி, கட்டட மேஸ்திரி. நாலு தெரு தள்ளி ஒரு கிளினிக். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் இப்போது படியேறுகிறார்கள். அங்கே ஒரு சரிவுப் பாதை, இவர்கள் பேச்சில் ராம்ப், கட்ட வேண்டும். டாக்டரம்மா வேறு யாரிடமோ கொடுக்க இருந்ததை, "எங்க மாமாகிட்ட குடுங்க, அவர் போட்ட கோடு மாறாது" என்று மேஸ்திரி தன் வாயால் உத்தரவாதம் கொடுத்து வாங்கினார்.

அதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. நாளை முதல் ஐந்து நாள் கிளினிக்கை மூடுகிறார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்கள் மண்ணைத் தோண்டியாக வேண்டும். இன்று வியாழக்கிழமை. மாலை நாலு மணிக்குள் வரைபடம் வராவிட்டால் மேஸ்திரியின் பேச்சுக்கு அந்த டாக்டரிடம் மட்டுமல்ல, ஆட்களிடமும் மரியாதை இருக்காது. "நான் பொறுப்புடா, வந்துடும்" என்று தம்பியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள் அக்கா.

அந்த அக்காதான் பிளான் சாரின் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குத்தியது தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்பதால் ஊர் வைத்த பெயர் ஊசியக்கா.

காலை ஆறரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, இன்னிக்கு முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"முடிஞ்ச மாதிரியா, முடிஞ்சிடுமா?"

"நீ இப்படிக் குறுக்க குறுக்கக் கேட்டுட்டே இருந்தா எப்படி முடியும்?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். நேற்றைய தலைவலி இன்னும் விட்டபாடில்லை. நெற்றியைத் தேய்த்தபடி படியிறங்கினாள். ஏன் தேய்க்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் கண்ணில் அது படவே இல்லை.

மாடிப்படியில் மகள் வாலு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது, அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காதவள். கையில் இரண்டு தாள். 'என் வீட்டில் ஒருவர் செய்யும் வேலை' என்று நாளை பள்ளி மேடையில் பேச வேண்டும்.

"அப்பா, மூணே நிமிஷம். ஒரே ஒரு தடவை கேளுங்களேன்."

"சாயங்காலம்டா."

"நேத்தும் சாயங்காலம்னுதான் சொன்னீங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஆற அமரக் கேக்கறேன்."

"பேச்சே நாளைக்குப்பா!"

அதற்குள் துண்டு கதவில் தொங்கிவிட்டது. வாலு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

பின்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பின்பக்கச் சந்துக்குத் திறக்கும் ஒரு கதவு. பிளான் சார் போனை அணைத்து அலமாரியின் உச்சியில் வைத்தார். கவனம் சிதறக் கூடாதல்லவா! பென்சில்களை நீளவாரியாக அடுக்கினார். பிறகு கிளினிக் வரைபடத்தைத் திறந்தார்.

சுவர் இருந்தது, கேட் இருந்தது, வாசல் இருந்தது. எல்லாம் முதல் வாரத்திலேயே போட்டது. ராம்ப் மட்டும் இல்லை. ஏனென்றால் ஒரே ஒரு அளவு இல்லை: தரையிலிருந்து வாசற்படி எவ்வளவு உயரம்? ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்று ராம்ப் போக வேண்டும், உயரம் தெரியாமல் ஒரு கோடுகூட இழுக்க முடியாது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷத்துக்கு அவர் மூன்று வாரத்தில் ஐந்து முறை நேரம் ஒதுக்கி, ஐந்து முறையும் தள்ளி வைத்திருந்தார்.

அப்படியானால் துண்டு தொங்கிய அத்தனை மணி நேரமும் மனிதர் உள்ளே என்னதான் செய்தார்?

கால அட்டவணை போட்டார்.

சாதாரண அட்டவணை என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் சுத்தம் உள்ளவர். வாரத்தின் ஏழு நாளும் ஏழு அறைகள், ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் ஒரு சுவர், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ணம். கீழ் மூலையில் எல்லா வரைபடங்களிலும் போடும் அதே கட்டம். திட்டம்: என் நாள். வரைந்தவர் அவர். சரிபார்த்தவரும் அவரே. திருத்தம் 13.

இன்று பார்த்தால் அந்தப் பதின்மூன்றிலும் ஒரு குறை. எதிர்பாராமல் ஏதாவது வந்தால் அதற்கு நேரமே ஒதுக்கவில்லை! 'இதைச் சரிபண்ணிட்டா அப்புறம் கடகடன்னு ஓடிடும்' என்று சொல்லிக்கொண்டு பதினான்காம் திருத்தத்தில் இறங்கினார். ஒரு சுவரை நகர்த்தினால் பக்கத்துச் சுவர் இடித்தது. அதை நகர்த்தினால் மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போயிற்று.

வேலையைத் தொடவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். முதல் வாரம் சோம்பல். இரண்டாம் வாரம் பயம். மூன்றாம் வாரம் வெட்கம். இத்தனை நாள் கழித்து டேப்போடு போய் நின்றால், "என்ன சார், இன்னும் அளக்கவே இல்லையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இருபது வாரம் வேண்டுமானாலும் தள்ளிப்போடக்கூடிய ஆள் அவர்.

தலையை நிமிர்த்தியபோது மணி இரண்டு இருபது. இப்போதும் போய் அளந்து வர நேரமிருந்தது, துணிவுதான் இல்லை. கண்ணை மூடி அந்த வாசலை நினைத்துப் பார்த்தார். மூன்று படி. ஒரு படி ஆறு அங்குலம் இருக்குமா? இருக்கும். ஆக பதினெட்டு.

பதினெட்டு அங்குலம் என்று எழுதினார். பதினெட்டு அடிக்கு ராம்ப் போட்டார், கைப்பிடி போட்டார். கை விறுவிறுவென்று ஓடியது, மனசுதான் கூடவே ஓடாமல் பின்தங்கி நின்று, 'எழுதிட்டியே, அளந்தியா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் முடிந்தது.

அதை உடனே அனுப்பியிருந்தால் இந்த அத்தியாயமே வேறு. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அட்டவணையைத் திறந்தார். 'டாக்டர் வேலை' என்ற கட்டத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து, முடிந்தது என்று ஒரு டிக் போட்டார். மூன்று வாரத்தில் அவர் போட்ட முதல் டிக். சேமித்தார். மூன்று ஐம்பத்தெட்டு ஆகிவிட்ட பதற்றத்தில், கடைசியாகச் சேமித்து மேலே நின்ற ஃபைலை மேஸ்திரிக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

போனை இறக்கி ஆன் செய்தார், கதவைத் திறந்து துண்டை எடுத்தார். பள்ளியிலிருந்து வந்த வாலு படியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே என்ன சத்தம் வேணாலும் போடு. உங்கப்பா முடிச்சாச்சு!"

"அப்ப இப்ப கேக்கறீங்களா?"

"முதல்ல ஒரு டீ குடிச்சுக்கறேன்டா."

டீ ஆறுவதற்குள் போன் அடித்தது. மேஸ்திரி.

"மாமா, கொஞ்சம் கிளினிக் பக்கம் வரீங்களா?"

"என்ன மாப்ளே, பிளான் எப்படி?"

"நீங்க வாங்க மாமா." குரல் ஒரு மாதிரி இருந்தது.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார், பாவம். சட்டையை மாற்றி, தலையை வாரி, மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை தொடங்குவதற்கு முந்தின மாலை வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார். ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்க, பெரிய கொத்தனார் சத்தமாக வாசிப்பார். கேட்டுக்கொண்டே அவரவர் தன் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். இன்றும் அச்சுக் கடையில் சுருட்டிக் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். மாமா போட்ட பிளானை அவர் என்றைக்குச் சரிபார்த்தார்!

பிளான் சார் உள்ளே நுழைந்தபோது பெரிய கொத்தனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாதி தாளில் இருந்தார்.

"ஒன்பதரையிலேர்ந்து ஒரு மணி: டாக்டர் வேலை, யாரும் கூப்பிடக் கூடாது. மூணே முக்காலிலேர்ந்து நாலு: எதிர்பாராதது." அவர் திரும்பினார். "மேஸ்திரி, இதுல சிமெண்டு எங்கப்பா வருது?"

ஆறேழு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சுவரில் ஆளுயரத்துக்கு அவருடைய நாள் ஒட்டியிருந்தது. பச்சை, மஞ்சள், நீலம் என்று பளபளவென்று இருந்தது. அவருக்குக் காது மடல் வரை சுட்டது. போய்க் கிழித்தால் இன்னும் சிரிப்பார்கள்.

"புதன்கிழமை பதினொண்ணுலேர்ந்து பன்னண்டு சாம்பல் கலர். எழுத்தே இல்ல" என்றார் கொத்தனார்.

"தூங்கற நேரமா இருக்கும்" என்றது ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

"ராத்திரி எட்டு நாப்பதுலேர்ந்து எட்டு அம்பது: மனைவி."

அந்த இடத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. ஏன் நின்றது என்று பிளான் சார் திரும்பிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டரிடம் கொடுக்க வந்த ஊசியக்கா, கையில் உறைகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் உறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நேராகத் தாளுக்குப் போய் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வாலுவும் போய் நின்று, கீழே விரல் வைத்துத் தன் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஞாயிறு, அஞ்சுலேர்ந்து அஞ்சு இருபது. மகள்." கொஞ்சம் நிறுத்தி, அடைப்புக்குள் இருந்ததையும் படித்தாள். "தேவைப்பட்டால்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. எழுதும்போது அது அவருக்குத் தப்பாகவே தோன்றவில்லை. ஒருத்திக்குப் பத்து, ஒருத்திக்கு இருபது நிமிஷம் ஒதுக்கினோமே என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டரம்மாவும் வெளியே வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க சார். எனக்கும் நேரமே போதறதில்ல" என்றார் நிஜமான அன்போடு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மேஸ்திரிதான் நிலைமையைச் சமாளித்தார். "சரி சரி, தப்பு ஃபைல் வந்துடுச்சு. யாருக்கும் நடக்கறதுதான். மாமா, சரியான பிளான் வீட்ல ரெடியா இருக்குல்ல? அத அனுப்புங்க, நான் ஓடிப்போய் அச்செடுத்துட்டு வந்துடறேன். மணி அஞ்சுகூட ஆகல."

தப்பித்துக்கொள்ள அருமையான வழி. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இந்த மானக்கேடு நாலு நாள் கேலியோடு போய்விடும். பதினெட்டு அடிக்கு அவர்கள் ராம்ப் கட்டிவிடுவார்கள். மாமாவின் கோட்டைத்தான் யாரும் சரிபார்க்க மாட்டார்களே.

"ரெடியா இருக்கு" என்றார். வாசற்படியைப் பார்த்தார். "ஆனா அதுவும் தப்பு மாப்ளே."

"என்ன தப்பு?"

"வாசப்படி உயரம் நான் அளக்கல. குத்துமதிப்பா போட்டேன்."

"மூணு வாரத்துல..." என்று ஆரம்பித்த மேஸ்திரி, ஆட்கள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அது பாதியோடு நின்றது. மீதியை எல்லோரும் மனசுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

"டேப் இருக்கா?" என்றார் பிளான் சார். யார் முகத்தையும் பார்க்காமல்தான் கேட்டார்.

கொத்தனார் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தார். வாலு கூப்பிடாமலே வந்து தரையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேல் முனையை வாசற்படிக்கு இழுத்தார். மேஸ்திரி குனிந்து படித்தார்.

"இருபத்தேழு."

ஒன்பது அங்குலம் வித்தியாசம். அவர் போட்ட ராம்ப் வாசலுக்கு முக்கால் அடி கீழேயே நின்றிருக்கும். நாற்காலியில் வருகிறவரை அங்கிருந்து மறுபடியும் இரண்டு பேர் தூக்கியிருப்பார்கள். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருபது அடிதான் இருக்கிறது. இருபத்தேழு அடி ராம்ப் நேராகப் போகவே முடியாது, நடுவில் திரும்ப வேண்டும்.

"இங்கயே போடறேன். ஒரு பென்சில் குடுங்க" என்றார்.

வேறு தாள் இல்லை. சுவரில் இருந்த தாளையே பிரித்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி டாக்டரம்மாவின் மேஜைமேல் விரித்தார். கொத்தனாரின் தட்டைப் பென்சிலும் ஒரு மரச்சட்டமும் கிடைத்தன.

சுற்றிலும் என்ன அமைதியா இருந்தது? ஒருவர் பழைய படியைச் சம்மட்டியால் தட்டிப் பார்த்தார். டாக்டரம்மா போனில் யாருக்கோ மாத்திரை சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே மணல் லாரி பின்னால் வரும் சத்தம். மேஜைக்குப் பக்கத்தில் வாலு, இனிமேல் யாரையும் கேட்டுப் பயனில்லை என்று முடிவு கட்டியவளாக, தாளைப் பிரித்து வாய்விட்டே பேசிப் பார்த்தாள்.

"எங்கள் வீட்டில் வரைபடம் போடுபவர் என் அப்பா. அவர் வேலை செய்யும்போது நாங்கள் யாரும் பேச மாட்டோம். அவர் ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார்."

அவர் பென்சில் ஒரு கணம் நின்றது. யாருடைய வேலையைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று அத்தனை நாள் அவர் கேட்டிருக்கவே இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, தாளில் விழுந்துவிடுமே என்று புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அந்த வரிய எடுத்துடும்மா" என்றார் தலைநிமிராமல்.

"எழுதினத டீச்சர் பாத்துட்டாங்கப்பா" என்றுவிட்டு அவள் மேலே படித்தாள்.

பதினான்கு அடி ஏறி, ஒரு சமதளம், திரும்பி இன்னொரு பதிமூன்று அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி. முடித்து நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. மேஸ்திரி தாளை அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்தார். மாமாவின் பிளானை அவர் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. இனி எப்போதும் சரிபார்ப்பார் என்பது இருவருக்கும் புரிந்தது.

"சரியா இருக்கு. காலைல ஏழு மணிக்குத் தோண்டிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். மாமா என்ற வார்த்தை அதில் வரவில்லை.

பிளான் சார் தாளைச் சுவரில் திருப்பி ஒட்டினார். ராம்ப் வெளியே தெரிந்தது, வண்ணக் கட்டங்கள் சுவர்ப் பக்கம் போயின. ஊசியக்கா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தாள்.

"எட்டு நாப்பது விஷயம்..." என்று ஆரம்பித்தார். "நான் அப்படி நினைச்சு எழுதல."

"அத விடுங்க. பத்து நிமிஷமாவது போட்டிருக்கீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்குப் புதன்கிழமைதான் புரியல."

"எந்தப் புதன்?"

"பதினொண்ணுலேர்ந்து பன்னண்டு. சாம்பல் கலர்ல ஒண்ணும் எழுதாம விட்டிருக்கீங்களே, அது."

அவர் ஒட்டிய மூலையையே மறுபடி அழுத்தி ஒட்டினார்.

"நேத்து புதன்கிழமை" என்றாள் அவள். "தலைவலி தாங்காம பதினொரு மணிக்கு லேப்லேர்ந்து வீட்டுக்கு வந்தேன். துண்டு தொங்கிட்டிருந்துச்சு. தண்ணி சுட வெச்சாக்கூட அந்தப் பாத்திரம் சத்தம் போடும்னு, பச்சத் தண்ணியில மாத்திரையப் போட்டுட்டு, சமையக்கட்டுல ஒரு மணி நேரம் மூச்சு விடாம உக்காந்துட்டுத் திரும்பிப் போனேன். போறப்ப சந்து வழியா போனேங்க. உங்க ரூமோட பின்கதவு வெளிய பூட்டியிருந்துச்சு. உள்ளதான் இருக்கீங்க, யாரோ மறதியா வெளிய பூட்டிட்டாங்கன்னு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

வாலு பேச்சை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எங்க போனீங்கன்னு அப்புறம் கேக்கறேன்" என்றாள் ஊசியக்கா. "முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்காகங்க சத்தம் போடாம உக்காந்திருந்தேன்?"